வீட்டு வாசல் வரை வரும் சபை

(மட்டக்களப்பில் திருச்சபைகள் சேர்ந்து நடத்திய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பான சகோதரங்களே,

‘நாளைக்கு சேர்ச்சுக்குப் போறீங்களா?’ என்று கேட்டுத்தான் நமக்குப் பழக்கம். போய்விட்டுத் திரும்பி வருகிற இடம் என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் சபைக்கு இருக்கிற கிரேக்கச் சொல் எக்லேசியா. கூடிவந்த மக்களைத்தான் அந்தச் சொல் குறிக்கும். ரோமருக்கு எழுதிய நிருபத்தை முடிக்கும்போது, பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டிலே கூடுகிற சபைக்கும் பவுல் வாழ்த்துச் சொல்கிறார். கோபுரமும் மணியும் இல்லாத காலம் அது.

இந்த ஊருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளையும் பறிகொடுத்தோம். கட்டடம் சிதைந்தபின் அந்தச் சபையார் வேறிடத்தில் கூடி ஆராதித்தார்கள். அந்த நாட்களில் அவர்களைச் சபை இல்லை என்று நம்மில் யாராவது சொல்லியிருப்போமா?

சரி, ஒரு இடத்தில் கூடிவிட்டால் போதுமா? இதைத்தான் இன்று உங்களோடு பேச வந்தேன்.

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கே வந்தார். ஒரு வருடம்கூட முடியவில்லை, இறந்துபோனார். அதற்குள் அவர் பள்ளிக்கூடங்கள் தொடங்கியதை எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அவர் வந்த மரபில் வகுப்புக் கூட்டம் என்று ஒன்று இருந்தது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அது காசில் தொடங்கிய கதை. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்தர்களுக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்ப்போம் என்றார்கள். ஏழைகள் எங்கே போவார்கள் என்ற கேள்வி வந்தது. அப்போது ஒருவர், ஆக ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றார். அப்படியே பன்னிரண்டு பேர் அளவில் சிறு சிறு குழுக்களாக, அதாவது வகுப்புகளாகப் பிரித்தார்கள். பொறுப்பாளர் வாரந்தோறும் வீடு வீடாகப் போனார். போன இடத்தில்தான் ஒவ்வொருவரும் எப்படி வாழ்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்பது தெரிய வந்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி இதைக் கண்டதும், இத்தனை நாளாய்த் தேடிய வழி இதுதான் என்று பிடித்துக்கொண்டார். பென்னி வாங்கப் போன பயணம் ஆத்தும விசாரிப்பாக மாறிவிட்டது.

இதை வாசித்த அன்று எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. அவ படுக்கையில் கிடந்த காலத்தில், நாங்கள் அப்போது போய்வந்த சபையிலிருந்து மூன்று கிழமையாக ஒருவரும் வரவில்லை. காணிக்கைக் கடித உறை மட்டும் வந்தது. தினமும் கஞ்சி கொண்டுவந்து தந்தவ பக்கத்து வளவு மாமி. பிள்ளையார் கோயிலுக்குப் போகிற மனுசி. அந்த வலி இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்தச் சபையில் இருந்த நானும் அதுவரை எத்தனை வீடுகளுக்குப் போயிருந்தேன்?

கொரிந்து சபையிலும் இதுதான் நடந்தது. அப்போது கர்த்தருடைய பந்தி வெறும் துண்டு அப்பமாக இருக்கவில்லை; சேர்ந்து சாப்பிடுகிற சாப்பாடாகவே இருந்தது. வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். பவுலுக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. இல்லாதவர்களை வெட்கப்படுத்தி தேவனுடைய சபையை அசட்டை செய்கிறீர்களா என்று அவர்களுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் கேட்கிறார். ஒரே உடலின் உறுப்புகள் நாம் என்று அவர் விரித்து எழுதுவது அதே நிருபத்தின் அடுத்த அதிகாரத்தில். பசித்த வயிற்றைக் கண்டுவிட்டுத்தான் அவர் அங்கே போகிறார்.

இத்தனை கோபத்துக்குப் பிறகு அவர் சொன்ன பரிகாரம் ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல் வேலையை முடித்துவிட்டு, ஓடத்துக்குக் காத்து நின்று, கடைசியாக வந்து சேருகிற ஆளுக்கும் கோப்பையில் சோறு இருக்க வேண்டும்.