மானியம் வருது சரி, கோச் எப்போ வரணும்?

[திரையில்: மேசை மேல ஒரு மானிய ஒப்புதல் கடிதம். பக்கத்துல, இன்னும் எதுவும் எழுதாத ஒரு கணக்கு நோட்டு.]

வணக்கம். அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்கிற சிறுதொழில்காரங்க நிறைய பேர் கூடவே ஒரு பிசினஸ் கோச்சையும் தேடுறாங்க. எதுக்குன்னு கேட்டா, "அப்ளிகேஷனைப் பக்காவா எழுதித் தரத்தான்"னு சொல்வாங்க. கோச்சுக்குக் கொடுக்கிற காசு வீணாப் போக இதைவிட சுலபமான வழி எனக்குத் தெரியலை. படிவம் நிரப்ப ஆள் வேற. உங்க தொழிலைப் பார்த்து, உங்களுக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்க ஆள் வேற. அந்த ரெண்டாவது ஆள் ரொம்பத் தேவைப்படுறது, ஒப்புதல் கடிதம் வந்த நாள்ல ஆரம்பிக்கிற ஒரு வருஷத்துக்குத்தான்.

இதை நான் சும்மா சொல்லலை. பணத்தையும் ஆலோசனையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கு.

[திரையில்: இலங்கை வரைபடம்]

இலங்கையில, பெண்கள் நடத்துற சிறு தொழில்களை வச்சு டி மெல், மெக்கன்சி, வுட்ரஃப்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினாங்க. முடிவு 2014-ல வெளியாச்சு. குலுக்கல்ல சிலருக்குத் தொழில் பயிற்சி மட்டும், சிலருக்குப் பயிற்சியோட மானியமும். ஏற்கெனவே தொழில் நடத்திக்கிட்டிருந்தவங்களைப் பார்த்தா, பயிற்சி மட்டும் வாங்கினவங்க தொழில் நடத்துற விதத்துல சில விஷயங்களை மாத்திக்கிட்டாங்க. ஆனா லாபம் அசையலை. ரெண்டும் சேர்ந்து கிடைச்சவங்களுக்கு லாபம் நல்லாவே ஏறுச்சு. ஆனா அந்த ஏற்றமும் நிலைக்கலை, போகப்போகக் கரைஞ்சு போச்சு. அது வகுப்பறைப் பயிற்சி. வகுப்பு முடிஞ்சா ஆசிரியர் கிளம்பிடுவார்.

சரி, வகுப்புக்குப் பதிலா ஆலோசகரையே நேரா கடைக்கு அனுப்பினா? கானாவுல அதையும் செஞ்சு பார்த்தாங்க. 160 தையல்காரங்க. சிலருக்கு சர்வதேச ஆலோசனை நிறுவனத்தோட அறிவுரை, சிலருக்குப் பணம், சிலருக்கு ரெண்டும், சிலருக்கு எதுவுமே இல்லை. அறிவுரை வாங்கினவங்க அதைச் செய்யவும் செஞ்சாங்க, பணம் வாங்கினவங்க முதலீடும் போட்டாங்க. ஆனா நீண்ட காலத்துல யாருக்குமே சராசரி லாபம் கூடலை. கொஞ்ச நாள்ல எல்லாரும் பழைய அளவுக்கே திரும்பிட்டாங்க. ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்தான் முக்கியம்: அந்தத் தையல்காரங்க ஏற்கெனவே தங்களுக்குத் தோதான அளவுலதான் தொழில் பண்ணிக்கிட்டிருந்திருக்கலாம். கோச்சிங் விக்கிறவங்களும் இதைச் சொல்ல மாட்டாங்க, மானியம் வாங்கித் தர்றேன்னு வர்றவங்களும் இதைச் சொல்ல மாட்டாங்க.

அடுத்து மெக்சிகோ. பியூப்லா மாநிலத்துல 432 சிறு, நடுத்தர நிறுவனங்கள். அதுல 150 நிறுவனங்களுக்கு ஒரு வருஷம் முழுக்க ஆலோசகர் கிடைச்சார். வாரத்துக்கு நாலு மணி நேரம். கட்டணத்துல பெரும்பங்கு மானியம். இங்கே முடிவு வேற மாதிரி: உற்பத்தித்திறன் கூடுச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு அரசாங்கப் பதிவேட்டைப் பார்த்தா, வேலையாட்கள் எண்ணிக்கையும் கூடியிருந்துச்சு.

ஏன் இங்கே மட்டும்? என் கணிப்பு ரெண்டு விஷயம். ஒண்ணு, வளர இடம் இருந்த தொழில்கள். இன்னொண்ணு, ஒருத்தர் வாராவாரம் வந்து, "போன வாரம் பேசினதைச் செஞ்சீங்களா?"ன்னு கேட்டது. பியூப்லாவுல மானியமே கோச்சுக்குத்தான் போச்சுங்கிறதையும் கவனிங்க. சில நாட்டுத் திட்டங்கள்ல இதுக்கு நேரடி வழியே இருக்கு. சிங்கப்பூரோட நிறுவன வளர்ச்சி மானியம் வெளி ஆலோசகர் கட்டணத்துல ஒரு பங்கை ஏத்துக்குது. ஐரோப்பிய ஒன்றியம் முன்னாடி நடத்தின சிறுதொழில் மானியத் திட்டத்துல, பணத்தோட சேர்த்து கோச்சிங் நாட்களையும் கொடுத்தாங்க. அதனால உங்க திட்டத்தோட விதிமுறையில 'தகுதியுள்ள செலவுகள்'ங்கிற பகுதியை முதல்ல படிங்க. கோச் கட்டணம் அதுல இருந்தா, விண்ணப்பிக்கும்போதே பட்ஜெட்ல ஒரு வரியாப் போட்டுடுங்க. ஒப்புதல் தேதிக்கு முன்னாடி செஞ்ச செலவைப் பல திட்டங்கள் ஏத்துக்காது. முதல்ல கோச்சுக்குக் கட்டிட்டு அப்புறமா பில்லை நீட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க.

[திரையில்: எட்டு மாதக் கட்டம் போட்ட ஒரு தாள்]

இப்போ, நல்ல கோச் ஒருத்தர் முதல் நாள்ல என்ன செய்வார்னு பார்க்கலாம். திட்டச் செலவு 100னு வச்சுக்குவோம். மானியம் 50. மீதி உங்க பங்கு. உங்க கையில 60 இருக்கு. பார்த்தா வசதியாத்தான் தெரியுது, 10 மிச்சம். ஆனா பெரும்பாலான மானியங்கள் முன்கூட்டி வராது. நீங்க செலவு பண்ணி, பில் காட்டி, அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் வரும்.

கோச் தாளை உங்க பக்கம் திருப்புறார். மெஷினுக்கு அட்வான்ஸ் 40, முதல் மாசம். கையில மிச்சம் 20. டெலிவரி எடுக்க மூணாம் மாசம் இன்னொரு 60. இப்போ மைனஸ் 40. நாலாம் மாசம் மூலப்பொருளுக்கும் கூலிக்கும் 15.

"இந்தக் கட்டத்தைப் பாருங்க. 55 குறையுது. எங்கிருந்து கொண்டு வருவீங்க?"

"மானியம் 50 வருதே சார்?"

"அது எட்டாம் மாசம்."

புது மெஷின் வந்து நின்னும், சரக்கு வாங்கக் காசில்லாம மூடி வச்சிருக்கிற நிலைமை இப்படித்தான் வருது. இந்தத் தாளை ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடியே போட்டிருந்தா வழி இருக்கு. சப்ளையர்கிட்ட தவணை கேட்கலாம். ஒப்புதல் கடிதத்தைக் காட்டி பேங்க்ல இடைக்காலக் கடன் கேட்கலாம். மானியத்தைக் கட்டம் கட்டமா விடுவிப்பாங்களான்னு அலுவலகத்துல விசாரிக்கலாம். ஆர்டர் போட்ட பிறகு இதுல பாதி வழி அடைஞ்சுடும்.

அடுத்த கேள்வி இன்னும் கசக்கும். "மெஷின் ஓடினா உற்பத்தி கூடும், சரி. கூடுதலா வர்றதை யார் வாங்கப் போறாங்க? பேர் சொல்லுங்க." பேர் வரலைன்னா, கானா தையல்காரங்க கதைதான் உங்களுக்கும். அந்த மானியத்தை வேண்டாம்னு சொல்லக்கூட நல்ல கோச் தயங்க மாட்டார். கிடைக்குதேங்கிறதுக்காகத் தேவையில்லாத மெஷினை வாங்கி, அதுக்கும் பாதிப் பணம் கைக்காசு போடறது நஷ்டக் கணக்குத்தான்.

அதனாலதான், மானியத் தொகையில இத்தனை சதவீதம் கமிஷன் கொடுங்கன்னு கேட்கிறவரை நான் கோச்னு ஏத்துக்க மாட்டேன். பெரிய மானியமா இருந்தா அவருக்குப் பெரிய காசு. "வாங்காதீங்க"ன்னு அவர் வாயிலேருந்து எப்படி வரும்? சப்ளையர்கிட்ட கமிஷன் வாங்குறவரும் அதே ரகம். மணிக்கணக்குக்கோ மாசக் கணக்குக்கோ கட்டணம் வாங்குறவரைத் தேடுங்க. காசே வேண்டாம்னு வர்ற அனுபவசாலிகளும் உண்டு. அமெரிக்காவுல 1964-ல தொடங்கின ஸ்கோர் அமைப்பு, ஓய்வு பெற்றவங்க உட்பட தொழில் அனுபவம் உள்ள தன்னார்வலர்களை வச்சு இலவசமா வழிகாட்டுது. உங்க ஊர் தொழில் மையத்துல அப்படி யாராவது இருக்காங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

ஆள் கிடைச்சாச்சுன்னா, மானியப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி ஃபைல். ஒவ்வொரு பில்லும் வந்த அன்னைக்கே ஃபைலுக்குள்ள. கோச் வர்ற நாள்ல முதல் பத்து நிமிஷம் அந்த ஃபைலைப் புரட்டுறதுக்கு மட்டும் ஒதுக்குங்க. ஆடிட் வரும்போது ராத்திரி உட்கார்ந்து பில் தேடுற வேலை மிச்சம்.

[திரையில்: நைஜீரியா வரைபடம்]

கடைசியா ஒரு விஷயம், கோச்சுகளுக்கே பிடிக்காதது. ஆண்டர்சன், மெக்கன்சி ரெண்டு பேரும் நைஜீரியாவுல நடத்தி 2022-ல வெளியிட்ட ஆய்வு. சிறு நிறுவனங்கள்ல சிலருக்குப் பயிற்சி, சிலருக்கு ஆலோசகர், சிலருக்குக் கணக்கு அல்லது மார்க்கெட்டிங் தெரிஞ்ச ஒரு ஆளை வேலைக்கு வச்சுக்க உதவி, சிலருக்கு அந்த வேலையை வெளி நிறுவனத்துக்கிட்ட கொடுக்க உதவி. ஆள் வச்சவங்களும் வெளியில கொடுத்தவங்களும் பயிற்சி வாங்கினவங்களைவிட முன்னேறினாங்க. ஆலோசகர் வச்சவங்களுக்கு இணையாவும் வந்தாங்க, அதுவும் பாதிச் செலவுல.

அதனால உங்க பிரச்சனை கணக்கு எழுத ஆள் இல்லாததுதான்னா, கோச்சுக்கு வச்சிருக்கிற பணத்துல முதல்ல பகுதிநேரமா ஒரு கணக்காளரை வையுங்க. என்ன விக்கணும், யாருக்கு விக்கணும், வளரணுமா வேண்டாமாங்கிற குழப்பம் இருந்தா கோச்சைக் கூப்பிடுங்க. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி.