மைதானம் கட்டப் போனவர்கள்

(மட்டக்களப்பில் விளையாட்டுக் கழக இளைஞர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபைக்கு வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். இந்த மழைக்குள்ளும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், மிகவும் சந்தோஷம்.

உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் வருகிறதென்று எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் சந்திக்குச் சந்தி கொடி ஏறிவிடும். ஒரே வீட்டில் அண்ணன் பிரேசில், தம்பி ஆர்ஜென்டினா. 2014இல் ஜேர்மனி பிரேசிலுக்கு ஏழு கோல் அடித்த ஆட்டம் எங்களுக்கு நடுச்சாமம் தாண்டி ஒன்றரை மணிக்குத்தான் தொடங்கியது. இடைவேளைக்குள்ளேயே ஐந்து கோல். அந்த இரவு தூங்காமல் இருந்தவர்கள் இங்கேயும் பலர் இருப்பீர்கள்.

ஆட்டத்தைப் பற்றிப் பேச என்னைவிடக் கெட்டிக்காரர் இந்தச் சபையில் இருக்கிறார்கள். போட்டியை நடத்துகிற நாடுகளுக்கு என்ன நடக்கிறது என்று பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பேசுகிறேன். ஆனால் அந்தக் கதை சுற்றிச் சுற்றி எங்கள் ஊருக்குத்தான் வந்து சேரும்.

முதலில் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்போம். தொலைக்காட்சி உரிமை, விளம்பர நிறுவனங்கள் கொடுக்கிற காசு, டிக்கெட் காசு, இவற்றில் பெரும்பங்கு போட்டிக்குச் சொந்தக்காரரான உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் ஃபீஃபாவுக்கு. 2022 வரையான நான்கு ஆண்டுகளில் அதன் வருமானம் 750 கோடி டொலருக்கு மேல். மைதானம், வீதி, விமான நிலையம், பொலிஸ் பாதுகாப்பு எல்லாம் நடத்துகிற நாட்டின் தலையில். வரிச் சலுகையும் கொடுக்க வேண்டும். பிரேசிலில் மைதானங்களுக்குள் மது விற்கத் தடை இருந்தது. உலகக் கிண்ணத்துக்காக 2012இல் சட்டத்தையே மாற்றி இடம் விட்டார்கள். ஒரு நாட்டின் நாடாளுமன்றம் தன் மக்களுக்காகப் போட்ட சட்டம் அது.

அதே பிரேசில் 12 மைதானங்களைத் தயார் செய்தது. அதில் ஒன்று அமேசன் காட்டுக்கு நடுவே மானாவுஸ் நகரத்தில். இரும்புச் சட்டங்கள் போர்த்துக்கலில் இருந்து கப்பலில் அட்லாந்திக்கைக் கடந்து, ஆற்று வழியே வந்தன. 40,000 பேருக்கு மேல் இருக்கக்கூடிய மைதானம். அங்கே நடந்த உலகக் கிண்ண ஆட்டங்கள் மொத்தம் நான்கு. அந்த நகரத்தில் நாட்டின் முதற்பிரிவில் ஆடுகிற கழகம் ஒன்றுகூட அப்போது இல்லை. நான்கு ஆட்டம் முடிந்தபின் அந்த இருக்கைகளை யார் நிரப்புவது?

2013 ஜூனில் சாவ் பாவ்லோவில் பஸ் கட்டணத்தை 20 சென்டாவோ கூட்டினார்கள். சில்லறைக் காசுதான். அதற்குத் தெருவில் இறங்கிய கூட்டம் சில நாட்களில் நாடு முழுக்கப் பரவியது. ஃபீஃபா தரத்தில் மைதானம் கட்டுகிறீர்களே, அதே தரத்தில் எங்களுக்கு ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் தாருங்கள் என்று மட்டை எழுதிப் பிடித்தார்கள். பந்தை உயிராக நினைக்கிற ஒரு நாடு, தன் வீட்டில் நடக்கப்போகிற உலகக் கிண்ணத்துக்கு எதிராகத் தெருவில் நின்றது.

எல்லா நாட்டுக்கும் இந்தக் கதி இல்லை. 2006இல் ஜேர்மனி நடத்தியபோது பெரும்பாலான மைதானங்களுக்குச் சொந்தக் கழகங்கள் இருந்தன. போட்டி முடிந்த அடுத்த மாதமே உள்ளூர் லீக் ஆட்டங்களுக்கு அவை நிறைந்தன. 2010இல் தென்னாபிரிக்காவுக்கு இரண்டும் கிடைத்தது. ஜோகன்னஸ்பேர்க் விமான நிலையத்துக்குப் போகிற கடுகதி ரயில் போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் ஓடத் தொடங்கி இன்றும் ஓடுகிறது. கேப் டவுனில் கடலோரமாக எழுப்பிய அழகான மைதானமோ பல ஆண்டுகள் அந்த மாநகர சபைக்குப் பராமரிப்புச் செலவாகவே இருந்தது. கடன்பட்டுக் கலியாணம் செய்த வீட்டுக்கு, பந்தல் பிரித்த பிறகுதான் கணக்குத் தெரியும். 1986 போட்டியை முதலில் கொலம்பியாவுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். ஃபீஃபாவின் நிபந்தனைகளைப் பார்த்துவிட்டு, எங்களால் ஏலாது என்று 1982இலேயே திருப்பிக் கொடுத்தது அந்த நாடு. மெக்சிக்கோ எடுத்து நடத்தியது. கொலம்பியா செய்தது துணிச்சலான காரியம் என்றே நான் நினைக்கிறேன்.

எங்கள் நாட்டிலேயே பாருங்கள். 2011 உலகக் கிண்ணக் கிரிக்கெட்டுக்காக அம்பாந்தோட்டை சூரியவெவவில் 35,000 பேருக்கு மைதானம் கட்டினார்கள். வருடத்தில் எத்தனை நாள் அங்கே ஆட்டம் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இங்கே எங்கள் வெபர் மைதானம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்து இந்த மண்ணில் பிள்ளைகளை விளையாட வைத்த இயேசு சபைத் துறவியின் பெயரைத் தாங்கிய மைதானம். அளவில் சின்னது. ஆனால் மழை விட்ட பின்னேரங்களில் அங்கே பந்து உருளாமல் இருக்காது. ஒரு மைதானம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால், சாதாரணக் கிழமைகளில் அங்கே யார் விளையாடுகிறார்கள் என்றுதான் நான் பார்ப்பேன்.

சரி, இனி கட்டாருக்கு வருகிறேன். இன்று நான் முக்கியமாகப் பேச வந்தது அதைத்தான்.

2010 டிசம்பரில் கட்டாருக்கு உலகக் கிண்ணம் கிடைத்தது. எட்டு மைதானங்களில் ஏழு புதிதாகக் கட்டியவை. லுசைல் மைதானத்தில் 88,000 பேருக்கு மேல் இருக்கலாம். 974 கப்பல் கொள்கலன்களை அடுக்கி, பிறகு கழற்றி எடுக்கிற மாதிரி ஒன்று கட்டினார்கள். மெட்ரோ ரயில், நெடுஞ்சாலை, ஹோட்டல், ஒரு முழுப் புது நகரம். மொத்தச் செலவு 20,000 கோடி டொலர் என்று பேசப்பட்டது. அந்த நாட்டுக் குடிமக்கள் சனத்தொகையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அப்போ இதையெல்லாம் கட்டியது யார்?

நேபாளத்தார், இந்தியர், வங்காளதேசத்தார், பாகிஸ்தானியர், அப்புறம் நாங்கள். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, களுவாஞ்சிகுடி, சாய்ந்தமருது, கல்முனை, எந்த ஊரை எடுத்தாலும் மத்திய கிழக்கில் ஆள் இல்லாத ஒழுங்கை இருக்காது. சாரதி, மேசன், வயரிங் வேலை, சமையல், காவல். அந்தக் காசில்தான் இங்கே வீடு எழும்பியது, தங்கச்சிமாருக்குக் கலியாணம் நடந்தது, பிள்ளைகள் படித்தார்கள். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றோமே, அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2021 பெப்ரவரியில் கார்டியன் பத்திரிகை ஒரு கணக்கை வெளியிட்டது. போட்டி கிடைத்ததிலிருந்து பத்து ஆண்டுகளில் ஐந்து தெற்காசிய நாடுகளின் தொழிலாளர் 6,500 பேருக்கு மேல் கட்டாரில் இறந்திருக்கிறார்கள். இலங்கையர் 557 பேர். எல்லாரும் மைதானம் கட்டும்போது இறந்தவர்கள் இல்லை. எல்லா வேலைகளிலும், எல்லாக் காரணங்களாலும் நடந்த மரணங்கள் அதில் அடங்கும். மைதானங்களில் வேலையால் நேர்ந்த மரணம் மூன்று மட்டுமே என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். 2022 நவம்பரில் அதே ஏற்பாட்டுக் குழுவின் தலைமைச் செயலாளர், போட்டியோடு தொடர்புள்ள வேலைகள் எல்லாவற்றையும் சேர்த்தால் 400க்கும் 500க்கும் இடையில் இருக்கும் என்றார்.

மூன்றுக்கும் ஐந்நூறுக்கும் நடுவே இருப்பவர்கள் யாருடைய பிள்ளைகள்? பெரும்பாலான சான்றிதழ்களில் இயற்கை மரணம் அல்லது இதயம் நின்றது என்று ஒரு வரி. பிரேதப் பரிசோதனை இல்லை. இங்கேயிருந்து போகிறவன் மெடிக்கல் எடுத்து, நெஞ்சுப் படம் எடுத்து, நல்ல சுகதேகி என்று கையெழுத்து வாங்கித்தான் விமானம் ஏறுகிறான். கோடை வெயிலில் வேலை செய்துவிட்டு இரவு படுத்தவன் காலையில் எழும்பவில்லை என்றால், அது எப்படி இயற்கை? வேலையால் வந்த மரணம் என்று எழுதினால் நட்டஈடு கொடுக்க வேண்டும். இயற்கை என்று எழுதினால் பெட்டி மட்டும் வரும். எனக்கு ஆறாத கோபம் இந்த இடத்தில்தான்.

இறுதி ஆட்டம் எங்கள் நேரம் இரவு எட்டரைக்கு. மாரி காலம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு முற்றத்தில் படங்கு கட்டி, தொலைக்காட்சியை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் டோஹாவில். தொழிலாளர் குடியிருப்புப் பக்கம் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் வைத்த பெரிய திரையில் அவர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோ கோலில் மகன் கேட்டான்: “வாப்பா, நீங்க உள்ளுக்குப் போகல்லையா?” அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “உள்ளுக்குப் போற ரோட்டு நாங்க போட்டது மகன்.” அவர் பெருமையோடுதான் சொன்னார். அந்தப் பெருமை அவருக்கு உரியது.

ஒரு நல்லதும் நடந்தது, அதை மறைக்கக்கூடாது. உலகம் பார்த்துக்கொண்டிருந்ததால் கட்டார் சட்டங்களை மாற்றியது. முதலாளியின் அனுமதி இல்லாமல் வேலை மாறலாம் என்று 2020இல் வந்தது. 2021இல் எல்லாத் தொழிலாளருக்கும் ஆகக் குறைந்த சம்பளம் 1,000 ரியால் ஆனது. நண்பகல் வெயிலில் வேலை நிறுத்தும் நேரம் நீண்டது. ஏஜென்சிக்குக் கட்டிய காசை மைதான வேலை ஒப்பந்தக்காரர் சிலர் சம்பளத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சட்டம் எழுதியபடி எல்லா இடத்திலும் நடந்ததா என்றால் இல்லை. வீட்டு வேலைக்குப் போன எங்கள் பெண்களின் பக்கம் அந்தக் கமராக்கள் பெரிதாகத் திரும்பவும் இல்லை. இருந்தாலும் பத்திரிகைகளும் தொழிற்சங்கங்களும் கேட்ட கேள்விகளுக்குப் பலன் இருந்தது.

ஆனால் அந்தப் பலன் போட்டி முடியும் வரைக்கும்தான். அணிகளுக்குப் பரிசாகப் போன தொகை 44 கோடி டொலர். அதே அளவு தொகையைத் தொழிலாளருக்கான நட்டஈட்டுக்கு ஒதுக்குங்கள் என்று மனித உரிமை அமைப்புகள் போட்டிக்கு முன்பே கேட்டிருந்தன. 2024இல் ஃபீஃபா 5 கோடி டொலரில் ஒரு நிதியம் அறிவித்தது. அது உலக சுகாதார நிறுவனத்துக்கும், அகதிகளுக்கான ஐ.நா. அமைப்புக்கும், உலக வர்த்தக அமைப்புக்கும் போனது. நல்ல வேலைகளுக்குத்தான் போனது. செத்தவனின் வீட்டுக்கு ஒரு சதமும் வரவில்லை.

2026 போட்டி அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோவில். 48 அணிகள், 104 ஆட்டங்கள். அதற்கென்று புதிதாக மைதானம் கட்டவில்லை, இருக்கிறவையே போதும். 2034 அப்படியில்லை. 2024 டிசம்பரில் சவூதி அரேபியாவுக்குக் கொடுத்தார்கள், வேறு நாடு போட்டிக்கே வரவில்லை. ஐந்து நகரங்களில் 15 மைதானங்கள். அங்கே புதிதாக எழுப்புகிற நியோம் நகரத்தில் தரையிலிருந்து 350 மீற்றர் உயரத்தில் ஒன்று என்று திட்டம் காட்டினார்கள். அந்த உயரத்தில் கொங்கிறீற் போடப் போகிறவர்களில் இந்தச் சபையில் இருக்கிற தம்பிமாரும் இருக்கலாம்.

அதனால் இப்போதே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விசிற் விசாவில் போகாதீர்கள். பதிந்தால் காப்புறுதி உண்டு, பதியாவிட்டால் குடும்பத்துக்கு எதுவுமில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிரதி ஒன்றை, கடவுச்சீட்டுப் பிரதியோடு வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஏஜென்சிக்குக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கழகங்கள் ஒன்று செய்யலாம். உங்கள் உறுப்பினர்களில் வளைகுடாவில் வேலை செய்கிறவர்களின் பெயர், நிறுவனம், அங்குள்ள தொலைபேசி இலக்கம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒருவருக்கு ஏதும் நடந்தால் தூதரகம் முதலில் கேட்பது அவைதான். பிரேதப் பரிசோதனை செய்யாமல் உடலைப் பெற்றுக்கொள்ளச் சம்மதமா என்று குடும்பத்திடம் கேட்டால், என்ன பதில் சொல்வது என்று அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க ஒரு ஆளும் வேண்டும். அதை இந்த மண்டபத்திலேயே, கலைந்து போவதற்கு முன், ஒவ்வொரு கழகமும் ஒருவருக்குப் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொப்பி நான் கொண்டு வந்திருக்கிறேன்.