வாதம் என்று முடிவு கட்டும் முன்

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட்டிலும் சுற்றியிருக்கிற தோட்டங்களிலும் இந்த நேரத்தில் ரேடியோவைத் திறந்து வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தாத்தா பாட்டிமார் எல்லாருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்க மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவன். ‘மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க’ என்று சொல்லியே காலத்தை ஓட்டியவன். அந்த வேலையில் ஒரு வசதி உண்டு. ஆள் தன் வலியைச் சொல்வதைக் காதால் கேட்டுக்கொண்டே, கொஞ்ச நேரத்தில் அவர் எலும்பையும் கண்ணால் பார்த்துவிடலாம். இரண்டும் ஒத்துப்போகாத நாட்கள்தான் எனக்கு ஞாபகத்தில் நிற்கின்றன.

இன்றைக்குப் பேசப்போவது பேஜட் நோய். எலும்பில் வருவது. நம் பக்கம், இந்த மலேசியாவில், அரிது. அரிதான நோய்க்கு எதற்கப்பா ரேடியோவில் நேரம் என்று கேட்பீர்கள், நியாயம்தான். நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இடுப்பு வலித்தால் வாதம். கால் வளைந்தால் வயசாச்சு. முதுகு குனிந்தால் சின்ன வயதில் ரப்பர் பால் வாளி தூக்கியது. எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கிறது. பத்துக்கு ஒன்பது தடவை அந்தப் பதில் சரியாகவும் இருக்கும், மூட்டுத் தேய்மானம்தான். மிச்சம் இருக்கிற அந்த ஒருவருக்காகத்தான் இந்தப் பேச்சு.

எலும்பு ஒரு தடவை வளர்ந்து முடிந்து அப்படியே நின்றுவிடும் பொருள் இல்லை. உள்ளே பழைய எலும்பைக் கரைக்கிற செல்கள் இருக்கின்றன, புது எலும்பு கட்டுகிற செல்கள் இருக்கின்றன. இரண்டும் ஓயாமல் வேலை செய்கின்றன. தோட்டத்தில் பழைய ரப்பர் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள் இல்லையா? சாய்க்கிற ஆட்கள் ஒரு பக்கம் முடித்துக்கொண்டு போக, நடுகிற ஆட்கள் கயிறு பிடித்து வரிசையாக நட்டுக்கொண்டு பின்னால் வருவார்கள். பேஜட் நோயில் சாய்க்கிற கூட்டத்துக்கு வெறி பிடித்துவிடுகிறது. கண்டபடி சாய்க்கிறார்கள். பின்னால் வருகிறவர்கள் அவசரத்தில் கயிறும் பிடிக்காமல், இடைவெளியும் பார்க்காமல் நட்டுத் தள்ளுகிறார்கள். அதனால் எலும்பு பருக்கும், தடிக்கும். ஆனால் பலம் இருக்காது. பாரம் தாங்கும் இடத்தில் வளையும், சில நேரம் உடையும். அந்த இடத்தில் ரத்த ஓட்டமும் கூடிவிடும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்தவர் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பேஜட். செயின்ட் பார்தலோமியு மருத்துவமனையில் அறுவை மருத்துவர். அவர் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் எப்போதும் சொல்வார்கள். இங்கே நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

1856இல் அந்த மனிதர் பேஜட்டிடம் வருகிறார். 46 வயதில் வலி ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இங்கிலாந்தின் வடக்குப் பகுதிக்காரர், வசதியானவர். தொடையிலும் காலிலும் வலி, ஒரு முழங்காலுக்குக் கீழே எலும்பு பருத்திருக்கிறது. பேஜட்டுக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல், இருபது வருடம் அந்த ஒரே மனிதரைப் பின்தொடர்ந்து எழுதி வைத்தார். இருபது வருடம்! கால்கள் வளைந்தன, முதுகு குனிந்தது, ஆள் குட்டையானார். தலை மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. அந்த மனிதர் ஒரு குதிரைப்படைத் தொண்டர் பிரிவில் இருந்தவர். அதனால் அவர் தொப்பிக் கணக்கு இருந்தது. 1844இல் அவர் போட்ட தொப்பியின் உள்சுற்று இருபத்திரண்டரை அங்குலம். 1876இல் இருபத்தேழே கால் அங்குலம். முகம் அப்படியே இருந்தது, புத்தியும் தெளிவாகவே இருந்தது. மண்டை ஓடு மட்டும் தடித்திருந்தது. கடைசியில் முன்கை எலும்பில் புற்றுக் கட்டி வந்து இறந்துபோனார். அந்த வருடம் நவம்பரில் பேஜட் லண்டனில் ஒரு மருத்துவர் சங்கத்தில் இதையெல்லாம் வாசித்தார்.

இதில் எனக்கு எது ஆச்சரியம் தெரியுமா? எக்ஸ்ரே கண்டுபிடித்தது 1895இல். பேஜட் பேசியது அதற்குப் பத்தொன்பது வருடம் முன்னால். எக்ஸ்ரே இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. கை இருந்தது, கண் இருந்தது, பழைய தொப்பி அளவு இருந்தது. பழைய அளவையும் புது அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். பழையதைப் புதியதோடு வைத்துப் பார்ப்பது. இதை இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். இந்த நோய் பெரும்பாலும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு வருவது. நாற்பதுக்குக் கீழே அபூர்வம். பிரிட்டன்காரர்களிடமும், அங்கிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போனவர்களிடமும் அதிகம். ஆசியாவில் குறைவு. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை. தென்னிந்தியாவில், நம் வேலூர் மருத்துவமனையிலிருந்தே, இந்த நோயாளிகளைப் பற்றி டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் தாத்தாக்கள் கப்பலேறி வந்த பக்கம்தானே அது. சில குடும்பங்களில் அப்பா, அண்ணன், தம்பி என்று தொடர்ந்து வருவதும் உண்டு. டாக்டர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

பாதிப் பேருக்கு மேல் எந்தத் தொந்தரவும் தெரியாது. வேறு எதற்கோ படம் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும். தொந்தரவு வந்தால் எப்படி இருக்கும்? முக்கியமாக இடுப்பெலும்பு, முதுகெலும்பு, தொடை எலும்பு, மண்டை ஓடு, முழங்காலுக்குக் கீழ் எலும்பு, இந்த இடங்கள். தேய்மான வலி நடந்தால் வரும், உட்கார்ந்தால் அடங்கும். இது அடங்காது. படுத்தாலும் விடாது, ராத்திரியிலும் குடையும். இரண்டு காலும் ஒரே மாதிரி வளைந்தால் வேறு காரணம் இருக்கலாம். ஒரு கால் மட்டும் முன்பக்கமாக வில் மாதிரி வளைந்துகொண்டே வந்தால் யோசிக்க வேண்டும். மண்டை ஓட்டில் வந்தால் தலைவலி வரலாம், காது மந்தமாகலாம். மோட்டார் ஓட்டுகிற பெரியவருக்குப் பழைய ஹெல்மெட் இறுக்கமாகிவிட்டது, தலையில் முடியோ கொட்டிப் போய்விட்டது என்றால், ஹெல்மெட் கடைக்குப் போகும் முன்னால் கிளினிக்குக்குப் போகலாம். தாடை எலும்பில் வந்தால் பொய்ப்பல் செட் பொருந்தாமல் போகும். பல் டாக்டர்தான் முதலில் கவனிப்பார்.

ஒரு பெரியவர், ஊர் வேண்டாம், பேரும் வேண்டாம். ரப்பர் பால் மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்திருந்தது. கேட்டால், ‘எப்பவோ சைக்கிள்ல விழுந்தது, ஒழுங்கா சேரல’ என்பார். விழுந்தது உண்மை. ஆனால் அன்றைக்கு எலும்பு உடையவே இல்லை என்று அவர் மனைவி சொன்னார். அந்த அம்மா தினமும் தைலம் தேய்த்து விடுகிறவர். அவர் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை, ‘ஐயா, தைலம் போடாத அன்னைக்கும் அந்தக் கால் சூடாத்தான் இருக்கு.’ ரத்த ஓட்டம் கூடும் என்று முன்னே சொன்னேன் இல்லையா? அந்தச் சூடு அதுதான். படத்தில் கால் எலும்பு தடித்து, வளைந்து, உள்ளே கோடுகள் எல்லாம் தாறுமாறாக இருந்தன. இடுப்பையும் எடுக்கச் சொன்னார் டாக்டர். அங்கேயும் ஒரு பக்கம் அப்படித்தான். இடுப்பில் அவருக்கு வலியே கிடையாது. படத்தில் எப்படித் தெரியும் என்பதைப் படம் காட்டாமல் சொல்ல வராது, விட்டுவிடுகிறேன்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, பிரஷர் என்று அரசாங்க கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுப்பார்கள். அந்தத் தாளில் ஏ.எல்.பி. என்று ஒரு வரி இருக்கும். ஆல்கலைன் பாஸ்படேஸ். ஈரலிலிருந்தும் வரும், எலும்பு கட்டுகிற செல்களிலிருந்தும் வரும். ஈரலைக் காட்டுகிற மற்ற எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்து, இது ஒன்று மட்டும் உயர்ந்திருந்தால், ‘டாக்டர், இது எலும்பிலிருந்து வருகிறதா?’ என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. வைட்டமின் டி குறைந்தாலும் ஏறும், எலும்பு உடைந்து சேரும்போதும் ஏறும், வளர்கிற பிள்ளைகளுக்கு இயல்பாகவே அதிகம் இருக்கும். அதனால் எண்ணைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். பேஜட் நோயில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரே ஒரு எலும்பில் சின்னதாக இருந்தால் ஏ.எல்.பி. கூட ஒழுங்காகக் காட்டலாம். ஆகவே ரத்தம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் படத்தை விட்டுவிடக் கூடாது. எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க, பெரிய மருத்துவமனையில் ஊசி போட்டு எலும்பு ஸ்கேன் எடுப்பார்கள்.

அந்தப் பெரியவர் குடும்பத்தை ரொம்பப் பயமுறுத்தியது வேறொன்று. வயதான ஆணின் இடுப்பெலும்பு படத்தில் வெள்ளையாகத் தடித்துத் தெரிந்தால் டாக்டர்கள் முதலில் நினைப்பது ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்குமோ என்பது. அப்படி நினைப்பது சரியே. நம் பக்கம் பேஜட்டைவிட அதுதான் அதிகம். அதற்கான ரத்தப் பரிசோதனை செய்தார்கள், பழைய படங்களைக் கேட்டார்கள். மகன் வீட்டில் தேடி, அலமாரிக்குப் பின்னாலிருந்து வருடக்கணக்கான ஒரு பழைய எக்ஸ்ரே உறையைக் கொண்டுவந்தார். அதிலும் அதே இடுப்பு, அதே பக்கம், கொஞ்சம் குறைவாக. இத்தனை வருடம் மெதுவாக நகர்ந்திருக்கிறது. புற்று அவ்வளவு பொறுமையாக இருக்காது. சந்தேகம் தீராதவர்களுக்குத்தான் எலும்பில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். இவருக்கு அது தேவைப்படவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். நம் ஆட்கள் சூரிய கிரகணம் பார்க்க எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கண்ணும் கெடும், படமும் போகும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்பார்கள். எந்த மருத்துவமனை, எந்த வருடம் என்றாவது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரத்தப் பரிசோதனைத் தாளையும் அதே பையில் போட்டு வையுங்கள். பழையதைப் புதியதோடு வைத்துப் பார்ப்பது, மறுபடியும் அதுதான்.

பெண்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், இடையில் ஒன்று. பேஜட் பேரில் மார்பகத்திலும் ஒரு நோய் உண்டு. 1874இல் அதே டாக்டர் எழுதியது. எலும்பு நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பக்க மார்க்காம்பில் மட்டும் சொறி, புண், செதில் வந்து, களிம்பு போட்டும் ஆறாமல் இருந்தால் அது மார்பகப் புற்றின் அடையாளமாக இருக்கலாம். வெட்கப்பட்டு இருந்துவிடாமல் உடனே கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி கையைக் காட்டுகிறார். வைத்தியத்துக்குத்தான் நிறைய நேரம் வைத்திருந்தேன், அந்தத் தொப்பிக் கதை சாப்பிட்டுவிட்டது. வேகமாகச் சொல்கிறேன். மருந்து இருக்கிறது. சோலெட்ரோனிக் ஆசிட் என்று நரம்பில் ஏற்றுவது, பலருக்கு ஒரே தடவை ஏற்றினாலே பல வருடம் நோய் அடங்கியிருக்கும். ஏற்றிய பிறகு ஓரிரு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம், பயப்பட வேண்டாம். ஏற்றும் முன் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் பார்ப்பார்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை கொடுத்தால் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். வளைந்த எலும்பு மருந்தில் நிமிராது, ஆனால் வலி குறையும். தொந்தரவே இல்லாத எல்லாருக்கும் மருந்து தேவைப்படாது. நோய் இருக்கிற இடத்தில் திடீரென்று வலி கூடி வீங்கினால் மட்டும் தாமதிக்காதீர்கள். அந்த இடத்தில் புற்று வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் வந்தால் வேகமானது.

சரி, தம்பி எழுந்தே நின்றுவிட்டார். வணக்கம்.