சுண்ணாம்புக் கோடும் 12 கேமராவும்

[காட்சி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரணிக் கரைப் பொட்டல். மின்னொளி கபடி. செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்து கிடக்கிறது.]

வணக்கம். போன மாதம் இதே இடத்தில் ஒரு போனஸ் புள்ளிக்காக அரை மணி நேரம் ஆட்டம் நின்றுபோனது. ஒரு பையன் பாடிப் போனான், போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தான். அந்த நேரம் அவனுடைய பின்னங்கால் அந்தரத்தில் இருந்தால்தான் புள்ளி. "தூக்கிட்டேண்ணே, சத்தியமாத் தூக்கிட்டேண்ணே" என்று அவன் நடுவரிடம் கெஞ்சுகிறான். நடுவர் குனிந்து பார்த்தால் அங்கே கோடே இல்லை! முந்தின பிடியில் நாலு பேர் உருண்டு துடைத்துவிட்டார்கள்.

என் பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார்: "இதுக்குத்தான் தம்பி, ஏஐ வரணும்கிறது."

சரி, வந்தால் என்ன செய்யும்?

[காட்சி: கால்பந்து மைதானத்தின் வரைபடம். கூரையடியில் 12 புள்ளிகள் ஒளிர்கின்றன.]

2022 கத்தார் உலகக்கோப்பையில் ஆஃப்சைடு (தன் அணிக்காரர் பந்தை உதைக்கும் கணத்தில் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நிற்கும் தப்பு) பார்க்க 12 கேமராக்களைக் கூரைக்கு அடியில் பொருத்தினார்கள். தோள், முட்டி, கால் நுனி என்று ஒவ்வொரு வீரரின் உடம்பிலும் 29 இடங்களை வினாடிக்கு 50 தடவை அவை குறித்துக்கொண்டே இருந்தன. இது போதாதா? போதாது. வேகமாக ஓடுகிறவர் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் முக்கால் சாண் நகர்ந்துவிடுவார். பந்தை உதைத்த கணம் எது என்பதில்தான் ஆஃப்சைடே இருக்கிறது. அதனால் பந்துக்குள்ளேயே ஒரு சென்சார் வைத்தார்கள். அது வினாடிக்கு 500 தடவை தகவல் அனுப்பும். முக்கால் சாண் இப்போது ஒரு விரற்கடை ஆகிவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் தீர்ப்பு சொன்னது மனிதர்தான். வீடியோ அறையில் இருப்பவர் சரிபார்த்த பிறகே மைதானத்து நடுவருக்குத் தகவல் போகும்.

[காட்சி: கபடி. ஒருவர் மேல் ஏழு பேர்.]

இப்போது இந்தக் குவியலைப் பாருங்கள். கீழே கிடப்பவன் கை நடுக்கோட்டைத் தொட்டதா? அது யார் கை? கேமராவுக்குத் தெரியாததை ஏஐ-யாலும் சொல்ல முடியாது. 2020 ஜூனில் இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்டு யுனைடெட் கால்பந்து ஆட்டத்தில் கோல்கீப்பர் பந்தைப் பிடித்தபடியே கோட்டுக்குள் போய்விட்டார். கோல் பார்க்க 7 கேமராக்கள் இருந்தன. கோல்கீப்பரும் கம்பமும் இன்னொரு வீரரும் சேர்ந்து ஏழையும் மறைத்துவிட்டார்கள். கோல் விழுந்தால் அதிர்ந்து சொல்ல வேண்டிய, நடுவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் அசையவே இல்லை, கோல் கொடுக்கப்படவில்லை. கருவியை அமைத்த ஹாக்-ஐ நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. இரண்டு பேரும் ஒரு கம்பமும் மறைத்ததற்கே இந்தக் கதி. நம்ம ஆட்டத்தில் ஏழு பேர் விழுகிறார்கள்.

இடையில் ஒன்று. அதே 2020-இல் ஸ்காட்லாந்தில் ஓர் ஆட்டத்தைத் தானாகவே பந்தைத் தொடரும் ஏஐ கேமராவில் ஒளிபரப்பினார்கள். அது பந்தை விட்டுவிட்டு, கோட்டோரம் நின்ற துணை நடுவரின் வழுக்கைத் தலையைத் திரும்பத் திரும்பத் துரத்திக்கொண்டிருந்தது!

கிரிக்கெட்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானவர்கள். எல்பிடபிள்யூவில் காலில் பட்ட பிறகு பந்து போகும் பாதை வெறும் கணிப்புதான். அதனால் பந்து ஸ்டம்பின் ஓரத்தைச் சும்மா உரசும் என்று கணினி காட்டினால், மைதானத்தில் நிற்பவர் சொன்னதே நிற்கும். 'அம்பயர்ஸ் கால்' என்று டிவியில் வருவது அதுதான். ரசிகர்கள் திட்டுவார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

[காட்சி: மாட்டு வண்டிப் பந்தயம். தார்ச்சாலை, இரண்டு வண்டிகள் ஒட்டி வருகின்றன.]

நம்ம பக்கத்தில் இந்தத் தொழில்நுட்பம் முதலில் உதவப்போவது கபடிக்கு இல்லை, இதற்குத்தான் என்று நினைக்கிறேன். இங்கே ஒரே ஒரு கோடுதான். அது தாரில் பெயின்ட் அடித்தது, அழியாது. யாரும் யார் மேலும் விழுவதில்லை.

மாடு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். செல்போனில் சாதாரண வீடியோ வினாடிக்கு 30 படம் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மாடு 28 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும். ஸ்லோ மோஷனில் 240 படம் எடுத்தால் அது மூன்றரை சென்டிமீட்டர்தான். போனைக் கோட்டுக்கு நேராக, ஆடாமல் ஸ்டாண்டில் வைத்தாலே பாதிச் சண்டை குறையும்.

மீதிப் பாதி? கோட்டை முதலில் தொட வேண்டியது மாட்டின் மூக்கா, நுகத்தடியா, சக்கரமா? ஒரு மாடு கழுத்தை நீட்டி ஓடும், இன்னொன்று தலையைத் தூக்கிக்கொண்டு ஓடும். எதைக் கணக்கில் எடுப்பது என்று கமிட்டியார் மைக்கில் முதலிலேயே சொல்லியிருந்தால்தான் அந்த மூன்றரை சென்டிமீட்டருக்கு மதிப்பு. சாரதிகளிடம் கேட்டுப் பார்த்தேன், நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள்.

[காட்சி: மறுபடியும் ஊரணிக் கரைப் பொட்டல், பகல் நேரம். இரண்டு பையன்கள் தரையில் ஆணி அடிக்கிறார்கள்.]

அப்புறம், அந்த போனஸ் புள்ளி. நடுவர் கொடுக்கவில்லை. பையன் இன்னும் அவரிடம் பேசுவதில்லை. அடுத்த போட்டிக்குக் கமிட்டியில் சுண்ணாம்பை விட்டுவிட்டு நாடா வாங்கியிருக்கிறார்கள், ஆணி அடித்து இழுத்துக் கட்டுகிறார்கள். போனஸ் கோட்டுக்கு நேராக என் போன் ஸ்டாண்டில் நிற்கும். சார்ஜ் மட்டும் தாங்க வேண்டும்.