மிச்சம் யாருக்கு? குழிக் கணக்கும் கிணற்று முறையும்

வணக்கம் உறவுகளே. உரும்பிராயில் எங்கள் தோட்டக் கிணற்றடியில் நிற்கிறேன். காற்று கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன கிழமை நயினாதீவுக்குப் போனோம். வான், குறிகட்டுவானில் இருந்து படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 18,350 ரூபாய். நாங்கள் 7 பேர். போனில் வகுத்தால் 2621.428571 என்று வால் நீண்டுகொண்டே வருகிறது. அந்த வாலை விடுங்கோ. 2621ஐ 7ஆல் பெருக்கினால் 18,347. மிச்சம் 3 ரூபாய். ஆக 3 பேர் 2622, மற்ற 4 பேர் 2621. கணக்கு சரிதான், ஆனால் ஒரு ரூபாய்க் குற்றியை இப்போது யார் கொண்டு திரிகிறார்கள்? ஆளுக்கு 2650 என்று வைத்தோம், 200 ரூபாய் கூடி நின்றது. அது யாருக்கு என்று முதலே பேசவில்லை. காசு சேர்த்தவனிடமே கிடக்கிறது. வாட்ஸ்அப் குறூப்பில் இன்றுவரை அந்தக் கதைதான்.

காசை விடுவோம். காணியில் மிச்சம் வந்தால்தான் வீட்டில் குரல் உயரும்.

அப்பப்பாவின் இந்தக் காணி 5 பரப்பு. பரப்பு என்பது எங்கள் ஊர்க் காணி அளவு, குழி அதிலும் சின்னது. பிள்ளைகள் 4 பேர்: பெரியப்பா, அப்பா, இரண்டு மாமிமார். ஆளுக்கு ஒரு பரப்பு கொடுத்தால் ஒரு பரப்பு மிஞ்சும். அதைச் சும்மா விடமுடியாது, குழியாக உடைக்க வேண்டும். எங்கள் ஊர் உறுதிகளில், அதாவது காணிப் பத்திரங்களில், ஒரு பரப்புக்கு 18 குழி. 18ஐ 4ஆல் வகுத்தால் 4, மிச்சம் 2. அப்போ ஆளுக்கு 1 பரப்பு 4 குழி, 2 குழி தொங்கி நிற்கிறது. பிள்ளைகள் மூன்று பேராக இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை: ஆளுக்கு 1 பரப்பு 12 குழி, மிச்சம் பூச்சியம். 18 என்ற எண்ணுக்கு மூன்று பிடிக்கும், நான்கு பிடிக்காது.

2 குழி என்றால் எவ்வளவு? ஒரு பரப்பு 10 பேர்ச், கிட்டத்தட்ட 2722 சதுர அடி. அதை 18ஆல் வகுத்தால் ஒரு குழி 151 சதுர அடி வரும். இரண்டு குழி சுமார் 302. பெரியப்பா மூத்தவர் என்று தனக்குக் கேட்டார். சின்ன மாமி விடவில்லை. கடைசியில் அதை யாருக்கும் எழுதவில்லை. இதோ, என் காலுக்குக் கீழே பாருங்கோ, 3 அடி அகலத்தில் 100 அடி நீளப் பாதை. றோட்டில் இருந்து கிணறு வரைக்கும் வருகிறது. நாலு பேருக்கும் பொது.

மிச்சத்துக்கு முன்கூட்டியே விதி வைப்பது தேர்தலிலும் உண்டு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 6 ஆசனம். கூடிய வாக்கு எடுத்த கட்சிக்குப் போனஸாக ஒன்று, மற்ற 5ஐ வாக்குக் கணக்கில் வகுக்கிறார்கள். முழுசாக வகுபடாமல் நிற்கும் ஆசனம், எந்தக் கட்சிக்கு மீதி வாக்கு அதிகமோ அங்கே போகும். எண்ணி முடித்த பிறகு சண்டை பிடிக்க இடமில்லை.

சரி, கிணறு. அதை வெட்டிப் பிரிக்க முடியாது. உறுதியில் ஆளுக்குக் காற்பங்கு என்று இருக்கிறது, ஆனால் தண்ணீர் இறைப்பது முறை வைத்துத்தான். முதலில் கிழமைக் கணக்கில் வைத்தார்கள். 7 நாளை 4 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாள், மூன்று நாள் மிச்சம். அந்த மூன்று நாளும் விடிய எழும்பி யார் முதலில் மோட்டரைப் போடுகிறார்களோ அவர்களுக்கு! வெங்காயம் வாடுகிற காலத்தில் இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கோ.

பிறகு அப்பா ஒரு வேலை செய்தார். கிழமையை மறந்துவிட்டு நாலு நாளுக்கு ஒரு சுற்று என்று மாற்றினார். மிச்சமே இல்லை. 28 நாளில் எல்லாருக்கும் 7 முறை, ஞாயிற்றுக்கிழமையும் ஆளுக்கு ஒருமுறை வந்துவிடும்.

இன்றைக்குப் பெரிய மாமியின் முறை. குழாயோடு வந்து நிற்கிறா, கமராவோடு தள்ளி நிற்கட்டாம். அடுத்த வீடியோவில் சந்திப்போம்.