கீழிருந்து வாசிக்க வேண்டிய பயோடேட்டா

அவையோர் அனைவருக்கும் வணக்கம். சற்று முன்பு என்னை அறிமுகம் செய்த தம்பி, என் பயோடேட்டாவை மேலிருந்து கீழாக வாசித்தார். முதலில் முனைவர் பட்டம், பிறகு எம்.பில்., பிறகு எம்.ஏ. முப்பத்தோரு ஆண்டு வகுப்பெடுத்தது கடைசியில் ஒரு வரியாக வந்துபோனது. தம்பி மேல் குற்றமில்லை. நம் ஊரில் பயோடேட்டா எழுதும் முறையே அதுதான்.

ஆங்கில ஆசிரியராகப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் வேறொருவரின் பயோடேட்டாவைக் கீழிருந்து மேலாக வாசித்துக் காட்டலாம் என்று வந்தேன். அவர் ஜில் பைடன். அமெரிக்க அதிபரின் மனைவியாக அவரைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதை எனக்கு வேண்டாம். அவர் சம்பளம் வாங்கிச் செய்த வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சமுதாயக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்த வேலை அது.

சமுதாயக் கல்லூரி என்றதும் நமக்குத் தையலும் கணினியும் சொல்லித்தரும் சிறிய பயிற்சி நிலையம் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது வேறு. இரண்டாண்டுக் கல்லூரி, நுழைவுத் தேர்வு கிடையாது, கட்டணம் குறைவு. இரண்டாண்டு முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு சேரலாம். நர்சிங், மெக்கானிக் போன்ற தொழில் படிப்புடன் வேலைக்கும் போகலாம். 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் கூரைக்குக் கீழே ஆறு மாணவர்களோடு இது தொடங்கியது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947-இல் இப்படிப்பட்ட கல்லூரிகளை நாடெங்கும் திறக்கச் சொன்ன பிறகுதான் அந்தப் பெயரே பரவியது. இன்று ஏறத்தாழ ஆயிரம் இருக்கின்றன. இருந்தும், கல்லூரிகளின் வரிசையில் அதற்குக் கடைசிப் பந்திதான். அங்கே வேலை பார்ப்பவரிடம், "எப்போது பல்கலைக்கழகத்துக்குப் போவீர்கள்?" என்று கேட்பார்கள்.

இனி வாசிக்கிறேன். 1969-இல் பென்சில்வேனியாவில் பள்ளிப் படிப்பை முடித்த ஜில் ஜேக்கப்ஸ், ஆடை விற்பனை படிக்க ஒரு ஜூனியர் கல்லூரியில் சேர்ந்தார். பிடிக்கவில்லை, விட்டுவிட்டார். பதினெட்டு வயதில் திருமணம். பிறகு டெலவேர் பல்கலைக்கழகம், நடுவில் படிப்பில் ஓர் இடைவெளி, மணமுறிவு. ஆங்கில பி.ஏ. கையில் வந்தபோது 1975. பள்ளி முடித்து ஆறு ஆண்டாகியிருந்தது. நம் ஊர் உறவினர் யாராவது இதைப் பார்த்திருந்தால் "அரியர் வைத்துவிட்டாளா?" என்று கேட்டிருப்பார்கள். ஆனால் இடையில் நிறுத்தியவர்கள், திரும்பி வந்தவர்கள், வாழ்க்கை ஒருமுறை சறுக்கிவிட்டவர்கள்தான் பின்னாளில் அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள்.

முதலில் யாராவது விடுப்பெடுத்தால் அந்த வகுப்புக்குப் போகும் மாற்று ஆசிரியர். பிறகு வில்மிங்டன் நகரத்தில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர். பதினைந்து, பதினாறு வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு இலக்கியம் நடத்தப் போனால், சிலருக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பதே பெரும்பாடாக இருக்கும். ஆங்கில பி.ஏ. இதற்கு உதவாது, வாசிப்பு கற்பிப்பது தனிக் கலை. 1981-இல் வெஸ்ட் செஸ்டர் கல்லூரியில் வாசிப்புக் கற்பித்தலில் கல்வியியல் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில்தான் மகளும் பிறந்தாள். பின்னர் மனநல மருத்துவமனை ஒன்றில், சிகிச்சையில் இருந்த வளரிளம் பிள்ளைகளுக்கு ஐந்தாண்டு ஆங்கிலம் கற்பித்தார். பயோடேட்டாவில் எளிதாகத் தாண்டிப் போகும் வரி இது. எனக்கு மட்டும் இதைத் தாண்ட மனம் வரவில்லை. தன் மேலேயே நம்பிக்கை இழந்த பிள்ளையிடம் ஒரு பத்தி எழுதி வாங்கியவருக்கு, எந்த வகுப்பறையும் அச்சம் தராது.

1987-இல் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் ஆங்கில எம்.ஏ. இது இரண்டாவது முதுகலைப் பட்டம். சமுதாயக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கப் பொதுவாக முதுகலை போதும், முனைவர் பட்டம் கேட்பதில்லை. 1993-இல் டெலவேர் தொழில்நுட்ப சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. பதினைந்து ஆண்டு அங்கேயே இருந்தார்.

அங்கே ஒரு விஷயம் அவரை உறுத்தியது. செமஸ்டர் தொடக்கத்தில் நிறைந்திருக்கும் வகுப்பு, முடியும்போது பாதியாகிவிடும். பகலில் கடையில் வேலை, வீட்டில் குழந்தை, கார் பழுதானால் வகுப்பில்லை. அறிவு போதாமல் போனவர்கள் குறைவு, வாழ்க்கை விடாமல் போனவர்கள்தான் அதிகம். மாணவர்களை எப்படித் தக்கவைப்பது என்பதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு, தன் கல்லூரியையே களமாக வைத்து, 2007 ஜனவரியில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முனைவர் பட்டம் பெற்றார். வயது ஐம்பத்தைந்து. உலகை உலுக்கிய ஆய்வு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் வகுப்பில் காலியான நாற்காலியைப் பார்த்துவிட்டு எழுதப்பட்ட ஆய்வு அது. நூலகத்தில் காலியான அலமாரியைப் பார்த்து எழுதப்படும் ஆய்வுகளை நாம் நிறையப் பார்த்துவிட்டோம், நான் எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தப் பட்டத்துக்கு ஒரு வேடிக்கைக் காரணமும் உண்டு. கணவர் ஜோ பைடன் அப்போது செனட்டர், அதாவது நாடாளுமன்ற மேலவை உறுப்பினர். வீட்டுக்கு வரும் கடிதங்களில் எல்லாம் "செனட்டரும் திருமதியும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் டாக்டர் பட்டம் வாங்கினார் என்று அவர் கணவரே ஒருமுறை சொன்னார். 2020 டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் ஒருவர், மருத்துவர் அல்லாத இவர் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாமா என்று கட்டுரை எழுதப்போக, பெரிய கூச்சல் எழுந்தது. அதிலே அந்த ஆசிரியரின் வேலையைப் பற்றி யாரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. மாணவர்கள் அவரை 'டாக்டர் பி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

2009 ஜனவரியில் கணவர் துணை அதிபரானார். அதே மாதம் இவர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் வடக்கு வர்ஜீனியா சமுதாயக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பல நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் படிக்கும் இடம். பிறகு வெள்ளை மாளிகைக்குப் போன காலத்திலும் விடவில்லை. அங்கே குடியிருந்துகொண்டே வெளியில் ஒரு வேலை பார்த்த முதல் அதிபர் மனைவி இவர்தான். சமுதாயக் கல்லூரிப் படிப்பை இலவசமாக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். நாடாளுமன்றத்தில் அது நிறைவேறவில்லை. 2022 பிப்ரவரியில் சமுதாயக் கல்லூரித் தலைவர்கள் கூடிய மேடையில் அந்தத் தோல்வியை அவரே சொன்னார். 2024 டிசம்பரில் அந்தக் கல்லூரியில் கடைசி வகுப்பை எடுத்து முடித்தார்.

இந்தக் கதையைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் பெரும்பாலோர் பகுதி நேரத்தினர். பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி. காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இன்னொரு கல்லூரி, நடுவில் காரிலேயே மதியச் சாப்பாடு. நம் அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர்கள் யாராவது இங்கே இருந்தால், இதை அவர்கள் எனக்கு விளக்குவார்கள். பைடன் அம்மையாருக்கு வீட்டு வாடகைக் கவலை இருந்ததில்லை.

ஆனால் ஒரு கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். வகுப்புக்கு இருபத்தைந்து பேர், நான்கு வகுப்பு. ஒரு கட்டுரைக்குக் கால் மணி நேரம் என்றால் நூறு கட்டுரைக்கு இருபத்தைந்து மணி நேரம். அதைத் திருத்திக் கொடுத்த மறு வாரம் அடுத்த கட்டுரை வந்துவிடும். துணை அதிபரின் விமானத்தில் போகும்போதும் அவர் மடியில் அந்தக் கட்டுதான் இருந்தது. என் வீட்டு மேசையிலும் நாற்பது தாள் கிடக்கிறது, திங்கட்கிழமை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதனால் கேள்வி கேட்க நினைப்பவர்கள் சுருக்கமாகக் கேளுங்கள்.