நெட் வேணாம், பட்டன் போன் போதும்: ஒரே கால்ல ஆறு பேர்!

காசிமேட்டுல ஒரு ஆயா, கொருக்குப்பேட்டையில ஒரு தாத்தா, வியாசர்பாடியில மூணாவது மாடியை விட்டு இறங்க முடியாத ஒரு அம்மா. இவங்க வாராவாரம் ஒண்ணா சேர்ந்து அரட்டை அடிக்கலாம். வாட்ஸ்அப் இல்லாம, சாதாரண பட்டன் போன்லயே!

தனிமை உடம்பையும் கெடுக்கும்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல தனி ஆணையமே போட்டுச்சு. சரி, வேலைக்கு வருவோம்.

கால் போடுறவருக்கு அன்லிமிடெட் பேக் வேணும். மத்தவங்க சிம்ல வேலிடிட்டி இருந்தா போதும். முதல் ஆளைக் கூப்பிட்டு ஹோல்டுல போடுங்க. அடுத்த நம்பர் போட்டு, அவர் எடுத்ததும் 'மெர்ஜ்' அமுக்குங்க, ரெண்டு காலும் ஒண்ணாயிடும். சில போன்ல 'கான்ஃபரன்ஸ்'னு இருக்கும். இப்படியே அஞ்சு பேர், உங்களோட ஆறு. அதுக்கு மேல நெட்வொர்க் விடாது.

காரியம் கெடுறது அந்த ஹோல்டுலதான் மக்களே! திடீர்னு பேச்சு நின்னா, பெரியவங்க "கட்டாயிடுச்சு"ன்னு வெச்சிடுவாங்க. திரும்பப் போட்டா உங்க லைன் பிஸி. அதனால ஹோல்டு அமுக்குறதுக்கு முன்னாடியே, "ஆயா, கொஞ்ச நேரம் என் குரல் கேக்காது, போனை வெச்சிடாதீங்க"ன்னு சொல்லுங்க. பொறுமையா இருக்கிறவரை முதல்ல சேருங்க. காது மந்தமானவர் கடைசி. அவர் எடுத்த உடனே பேச்சு ஆரம்பிச்சிடும்.

குழாயடியில நாலு பேர் சேர்ந்து பேசினாலும் புரியும், முகம் தெரியுது. இங்க ரெண்டு பேர் சேர்ந்து பேசினாலே ரெண்டும் போச்சு. "எல்லாரும் எப்படி இருக்கீங்க?"ங்கிற கேள்வியை மட்டும் தயவுசெஞ்சு கேட்காதீங்க. அஞ்சு பேரும் "நல்லாருக்கோம்"பாங்க, பேச்சு அத்தோட படுத்துடும். பேர் சொல்லிக் கேளுங்க: "ராஜம்மா ஆயா, இன்னைக்கு என்ன மீன் குழம்பு?" பேசாம இருக்கிறவரை நீங்கதான் இழுக்கணும்.

ஒருத்தர் ஸ்பீக்கர்ல போட்டா எதிரொலிக்கும். அவர் வீட்டு சீரியல் அஞ்சு வீட்டுக்கும் கேக்கும். ஒயர் ஹெட்செட் வாங்கிக் குடுங்க, கையும் வலிக்காது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டோரம் வீடா? கண்டெய்னர் லாரி சத்தம் வரும், உள் ரூமுக்குப் போகச் சொல்லுங்க.

நீங்க கட் பண்ணினா எல்லாருக்கும் கட்டாகும். ஒவ்வொருத்தர்கிட்டயும் "போயிட்டு வரேன்" கேட்டுட்டு கடைசியா வைங்க.

யாராவது எடுக்கலையா? அவங்க பக்கத்து வீட்டு நம்பரை முன்னாடியே வாங்கி வெச்சிருங்க, அன்னைக்கே கூப்பிட்டு விசாரிங்க. முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை, இலவசம். உங்க வீட்டு பட்டன் போன்ல மெர்ஜ் எந்த மெனுவுல இருக்குன்னு மாடல் பேரோட கமெண்ட்ல போடுங்க, அடுத்தவங்களுக்கு உதவும்.